ஷெட்டில் நின்ற வண்டியின் மீட்டர்

2023 ஜூன் 5, திங்கள், காலை 11.20. தாள்கள் 43.

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் நான் இல்லை. ஆனால் இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு யாராவது கேட்கும்போது உளறுவேன். ஆகவே வரிசையாக.

பெயர் பரணிதரன். வயது இருபத்தெட்டு. டிப்ளமோ மெக்கானிக்கல். திருச்செங்கோட்டில் ஒரு கம்ப்ரஸர் டீலரிடம் சர்வீஸ் இன்ஜினியர். இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் போர்வெல் வண்டி மேல்தான் விழும். அந்த ரிக் வண்டிகளின் முதுகில் இருக்கிற கம்ப்ரஸரைக் கவனிப்பது என் வேலை. மாதம் ஒருமுறை சர்வீஸ் தாள்களை நகல் எடுத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். இந்த மாதம் எங்கள் மிஷின் படுத்துவிட்டதால் எதிர்வரிசை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கடையில் இருப்பவர் சுகந்தி. ஆறு மாதப் பழக்கம். பழக்கம் என்றால், "ரெண்டு பக்கமுங்களா, ஒரு பக்கமுங்களா?" என்று அவர் கேட்பார். "ஒரு பக்கம்" என்பேன். அவ்வளவுதான்.

பதினேழாவது தாளில் மிஷின் நின்றது. பழுது இல்லை. அவர் நிறுத்தினார்.

"இந்தக் கையெழுத்து யாருதுங்க?"

"கஸ்டமருதுங்க. மோகனசுந்தரம். ரிக் ஓனர்."

"எப்பப் போட்டது?"

"மேல தேதி இருக்குதே. மே இருபத்திரண்டு."

"இந்த வண்டி ஓடுதுங்களா?"

"ஓடாத வண்டிக்கு எவனுங்க சர்வீஸ் பண்ணுவான்?"

அவர் சிரித்தார். வாய்தான் சிரித்தது. தாளைப் பிடித்திருந்த விரலுக்குக் கீழே பேப்பர் கசங்கியது.

"என்ற வீட்டுக்காரரா இருந்தவருங்க," என்றார். "பாப்பாவுக்கு மாசம் ஒம்பதாயிரம் குடுக்கோணும்னு கோர்ட்டு சொல்லியிருக்குது. போன ஜூலையில இருந்து வரல. இன்னைக்கு அஞ்சாந்தேதி. இதோட பன்னெண்டு. ரிக்கு போன வருச ஏப்ரல்லயே படுத்துருச்சு, ஷெட்டுல நிக்குது, டீக்குக் கூட வழியில்லைன்னாரு. நானும் பாவம்னு விட்டுட்டேன்."

அந்தத் தாளில் மீட்டர்: 6,412 மணி நேரம்.

நாற்பத்து மூன்று நகலுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன். மூலத்தாள்களை மிஷின் மேலேயே விட்டுவிட்டேன். திரும்பப் போய் எடுத்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

நகல் எடுக்க எதுவும் இல்லை. ஆதார் கார்டை நகல் எடுத்தேன்.

ஜூன் 9, வெள்ளி

மனிதர்கள் சொல்வதைவிட மணி மீட்டரை நம்பலாம். கம்ப்ரஸர் இன்ஜின் ஓடினால்தான் அது ஏறும். ஐந்நூறு மணிக்கு ஒரு சர்வீஸ். சர்வீஸ் தவறாமல் செய்து ஓனர் தாளில் கையெழுத்துப் போட்டால் அடுத்த முறைக்கு ஃபில்டர் இலவசம் என்று ஒரு திட்டம் உண்டு. ஒரு ஃபில்டர் எட்டாயிரம் ரூபாய். இந்த ஊரில் கோடி ரூபாய் ரிக் வைத்திருப்பவரும் இலவச ஃபில்டரை விடமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் இருந்துகூட ஓடிவந்து கையெழுத்துப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ரெக்கார்டைப் பார்த்தேன். மோகனசுந்தரத்தின் வண்டி 2022 ஏப்ரலில் 2,412 மணி. அதன்பின் எட்டு சர்வீஸ். எட்டும் செய்தது நான். எட்டிலும் அவர் கையெழுத்து. "ஷெட்டில் நிற்கிற" வண்டி நாலாயிரம் மணி நேரம் துளை போட்டிருக்கிறது.

மாலை கடைக்குப் போனபோது சுகந்தியின் மகள் நிவிதா மேசைக்குக் கீழே உட்கார்ந்து பாடப்புத்தகத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு. கிளி ஊதா நிறத்தில் இருந்தது.

"கிளி பச்சைதானே?" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? இதுல கருப்பாத்தான் இருந்துச்சு."

புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். முழுப் புத்தகமும் ஜெராக்ஸ். ஃபீஸ் கட்டாததால் பள்ளியில் புத்தகக் கட்டு தரவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் புத்தகத்தை ஒரு நாள் வாங்கி அம்மாவே நகல் எடுத்திருக்கிறார். ஓரம் வெட்டி, தைத்து, அட்டை போட்டு. சுத்தமான வேலை.

எனக்குக் கோபம் வந்தது. நேராகச் சொன்னேன்: "நீங்க பன்னெண்டு மாசம் சும்மா இருந்தது தப்புங்க."

"உங்களைக் கேட்டனா?" என்றார் சுகந்தி.

"இல்லீங்க."

"அப்ப உங்க வேலையப் பாருங்க."

சரி என்று வந்துவிட்டேன். இது கொள்கைப் பிரச்சினை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 12, திங்கள்

கடை வாசலில் நின்று அவரே கூப்பிட்டார். "அந்தத் தாளோட நகல் ஒண்ணு கிடைக்குமுங்களா?"

ஆபீசில் மேனேஜர் தெய்வசிகாமணியைக் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மூடியைப் போட்டு மூடிவிட்டார். "தம்பி, கஸ்டமர் பேப்பரு வெளிய போச்சுன்னா நீயும் வெளிய போயிருவ. இந்த ஊருல பாதிப் பேரு வண்டி ஓடலைன்னு எங்கியோ ஓரிடத்துல எழுதிக் குடுத்துருக்கறாங்க. நம்ம ரெக்கார்டு பேச ஆரம்பிச்சா ஒருத்தனும் சர்வீசுக்கு வரமாட்டான்."

நியாயமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிச்சல்.

ஜூன் 21, புதன்

சுகந்தியின் வக்கீல் ஜமுனா. ஐம்பது வயது, கறுப்புக் கோட்டு, ஸ்கூட்டர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "திருட்டு நகல் வேண்டாம். நாம மனுப் போடுவோம். வண்டி ஓடலைன்னு அவரு கோர்ட்லயும் சொல்லட்டும். அப்பக் கோர்ட்டே உங்க கம்பெனிக்கு ரெக்கார்டோட வரச்சொல்லிச் சம்மன் அனுப்பும்," என்றார்.

"எத்தன நாள் ஆகுமுங்க?"

"அவசரப்பட வேண்டியது அதுக்கில்ல. கட்ட வேண்டிய தேதியில இருந்து ஒரு வருசத்துக்குள்ள மனு போயிருக்கோணும். போன ஜூலைப் பணத்துக்கு இந்த ஜூலை அஞ்சு கடைசி. விட்டா மாசம் ஒண்ணாக் கழண்டுக்கும்."

பதினான்கு நாள் இருக்கிறது! வக்கீல் ஆபீஸ் படியை மூன்று மூன்றாக இறங்கினேன். கீழே சுகந்தி, "ஏனுங்க, கழண்டுக்கறது என்ற பணம். நீங்க ஏன் ஓடறீங்க?" என்றார். பதில் யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். அது வேறு யாருடைய வண்டியோ. சாவி மட்டும் எப்படியோ பொருந்திவிட்டது.

ஜூலை 3, திங்கள்

மனு போட்டாகிவிட்டது. கோர்ட் பத்தரைக்கு. நான் எட்டரைக்கே போய் நின்றேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "என்ன கேசு கண்ணு? கொலையா?" என்றார்.

பன்னிரண்டு மாதமும் தப்பித்தன. ஒன்றுகூடக் கழலவில்லை. சுகந்தி கரும்புச்சாறு வாங்கித் தந்தார். நான் கரும்புச்சாறு குடிப்பதில்லை. ஜூஸ் மிஷினில் கிரீஸ் சரியாகப் போடமாட்டார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜூலை 8, சனி

சர்வீஸ் மேனுவல் முழுவதையும் நகல் எடுத்தேன். 212 பக்கம். என்னிடம் ஏற்கனவே இரண்டு இருக்கின்றன.

ஜூலை 14, வெள்ளி

மோகனசுந்தரமே போன் செய்தார். ஐந்நூறு மணி ஆகிவிட்டதாம். கோர்ட் நோட்டீஸ் இன்னும் அவருக்குப் போகவில்லை. சங்ககிரி பக்கம் ஒரு தோட்டத்தில் வண்டி நின்றது. எலுமிச்சை, கற்பூரம், உடைத்த தேங்காய், எல்லாம் முடிந்து துளை இருநூறு அடியில் இருந்தது. ஆளைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முடியவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்து, தன் துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொல்கிறார்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி உண்டு. எல்லாரிடமும் கேட்பது. கேட்டேன்.

"வேலை எப்படிங்க போகுது?"

"அதையேங் கேக்கற! போன வருசத்துக்கு இந்த வருசம் டபுளு. ஆந்திராவுல இருந்து வந்து மூணு நாளு ஆகுது, வீட்டுல இன்னும் ஒரு வேளை உக்காந்து திங்கல."

மீட்டர் 6,915. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கருங்கல் தூள் ஒரு படி கொட்டியது. எழுதினேன். கையெழுத்துப் போட்டார்.

"இலவச ஃபில்டரு உண்டுதானே?" என்றார்.

"உண்டுங்க."

ஜூலை 22, சனி

நிவிதா என்னை "மாமா" என்றாள். மாமா என்றால் அம்மாவோடு பிறந்தவர். இது தகவல் பிழை. உடனே திருத்தினேன்.

"அப்பச் சித்தப்பாவா?"

சித்தப்பா என்றால் மோகனசுந்தரத்துக்குத் தம்பியாக வேண்டும். விருப்பமில்லை. அங்கிள் என்றால் தலை நரைத்தது போல இருக்கிறது. கடைசியில் "கம்ப்ரஸர்" என்று முடிவானது. தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறாள். சுகந்தி மிஷினுக்குப் பின்னால் குனிந்து காகிதம் தேடினார், தோள் மட்டும் குலுங்கியது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மோகனசுந்தரம் கோர்ட்டில் பதில் மனு கொடுத்துவிட்டார். ஒரே ஒரு ரிக் வண்டி, 2022 ஏப்ரல் முதல் ஓடாமல் ஷெட்டில் நிற்கிறது, வருமானம் இல்லை, கூலி வேலைக்குப் போகிறார். சத்தியமாகவும் உண்மையாகவும்.

வக்கீல் ஜமுனா படித்துவிட்டு, "தங்கமான மனுசன். ஒரு வரி விடாம எழுதிக் குடுத்துருக்காரு," என்றார். கம்பெனி ரெக்கார்டுக்கு அன்றைக்கே மனு போட்டார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

சம்மன் வந்துவிட்டது. சர்வீஸ் செய்த இன்ஜினியர் தாள்களோடு செப்டம்பர் 12 அன்று நேரில் வர வேண்டும். தெய்வசிகாமணி கவரை இரண்டு விரலால் பிடித்து என் மேசையில் போட்டார்.

"கோர்ட்டு கூப்பிட்டா நான் தடுக்க முடியாது. ஆனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணும். உன்ற வாயி எனக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 30, புதன்

போனில் மோகனசுந்தரம். இளநீர்க் குரல் இல்லை.

"தம்பி, உனக்கும் எனக்கும் என்னடா சண்டை? மீட்டரு கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு. என்ற மூணு வண்டி சர்வீசும் இனி உன்ற கைக்குத்தான்."

"மூணு வண்டிங்களா? கோர்ட்ல ஒண்ணுன்னு எழுதியிருக்கறீங்க?"

இரைச்சல் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கண்டிஷன். போனை வைத்துவிட்டார்.

வக்கீலிடம் சொன்னேன். "இதெல்லாம் கூண்டுல நீங்களாச் சொல்லாதீங்க, கேட்டாச் சொல்லுங்க," என்றார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பெரிய நாள். வரிசையாக.

11.50. கூண்டு ஏறினேன். சத்தியம் செய்தேன். 2022 ஏப்ரல் தாளோடு சேர்த்துப் பத்துத் தாளையும் ஒப்படைத்தேன். ஜமுனா கேட்டதற்கெல்லாம் சொன்னேன். சுலபம். பிறகு எதிர்வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசுகிறவர். எனக்கு மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் கால் துடிக்கும்.

"மீட்டர்ங்கிறது ஒரு கருவி. பழுதாகுமா, ஆகாதா?"

"ஆகுமுங்க."

ஜமுனா பேனாவைக் கீழே வைத்தார்.

"வேலை செய்யாம இன்ஜின் மட்டும் சும்மா ஓடினாலும் மீட்டர் ஏறுமா?"

"ஏறுமுங்க."

பின் பெஞ்சில் சுகந்தி கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது.

"ஆக, நாலாயிரத்து ஐந்நூறு மணி நேரம் துளை போட்டதுக்கு இது சாட்சி ஆகாது. சரிதானே?"

"நான் இன்னும் முடிக்கலீங்க."

"கேட்டதுக்கு மட்டும்..."

"முடிக்கட்டும்," என்றார் நீதிபதி. கண்ணாடி போட்ட அம்மா. அதுவரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவர்.

"மீட்டரு பொய் சொல்லலாமுங்க. ஏர் ஃபில்டர் சொல்லாது. அதக் கழட்டித் தட்டுனா என்ன கொட்டுச்சுன்னு தாள்ல ஒரு கட்டம் இருக்குது, பாருங்க. ஏப்ரலுக்குப் பின்னால ஒம்பது சர்வீஸ். ஒம்பதுலயும் கருங்கல் தூள்னு எழுதியிருக்கேன். ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டி கருங்கல்ல எங்கீங்க போயி மூக்குல இழுத்துச்சு?"

யாரோ சிரித்தார்கள். நீதிபதி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "கையெழுத்து?"

"அவருதுங்க. கையெழுத்து இல்லீன்னா ஃபில்டர் இலவசம் கிடையாது."

மோகனசுந்தரம் கூரையைப் பார்த்தார். அத்துடன் என்னை இறக்கிவிட்டிருக்கலாம். எதிர்வக்கீல் கடைசியாக ஒன்று என்றார்.

"மனுதாரர் சுகந்திக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அது முழு விவரம் ஆகாது. சத்தியம் வேறு செய்திருந்தேன்.

"உறவு ஒண்ணுமில்லீங்க. எனக்கு அவங்களப் பிடிக்கும்."

மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்கும் எண்ணெய் போட வேண்டும்.

"எப்ப இருந்து?"

"தேதி சொல்லோணுங்களா? ஜூன் அஞ்சு. பகல் பதினொண்ணே கால், பதினொண்ணு இருபது."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப வரைக்கும் தெரியாதுங்க. இனித் தெரிஞ்சிருக்கும்."

கோர்ட்டே சிரித்தது. டைப் அடிக்கிறவர் கையை எடுத்துவிட்டார். எதிர்வக்கீல், "கோர்ட்டார் கவனிக்கணும். மனுதாரர் மேல ஆசை வச்சுத்தான் இந்த சாட்சி..." என்று தொடங்கினார்.

"வக்கீல் சார்," என்றார் நீதிபதி, "பொய் சொல்ல வந்த ஆளு மீட்டர் பழுதாகும்னு முதல் கேள்விக்கே ஒத்துக்குவாரா? ஒம்பது தாள்ல எட்டு ஜூன் அஞ்சுக்கு முன்னாடி எழுதினது. ஜீவனாம்சம் குழந்தைக்கு. சாட்சிக்கு யாரைப் பிடிக்கும்கிறது இந்த மனுவுல இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இறங்கலாம். கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லாதீங்க தம்பி," என்றார். நாலாவது ஆள்.

உத்தரவு: பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதப் பணம் இன்றே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்ட். மீதி ஆறும், அதற்குப் பின் சேர்ந்த மூன்று மாதமும் இரண்டு வாரத்தில்.

வருமானம் இல்லாத மோகனசுந்தரம் வெளியே போய் ஒரு போன் செய்தார். நாற்பது நிமிடத்தில் ஐம்பத்து நாலாயிரம் வந்தது. புத்தம் புது நோட்டு.

சுகந்தி எண்ணி வாங்கினார். கையெழுத்துப் போட்டார். என்னைத் தாண்டி நடந்து போய் நாமக்கல் பஸ்ஸில் ஏறினார். அவர் வீடு இருக்கும் திசை அது இல்லை.

செப்டம்பர் 13, புதன்

கடைக்கு எதிரில் நின்றேன். ஷட்டர் திறந்திருந்தது. என் கால் போகவில்லை. நகல் எடுக்கவும் எதுவும் இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

தெய்வசிகாமணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது. காலையில் வந்த கஸ்டமர் ஒருவர், "இவரா அந்த ஜூன் அஞ்சு?" என்று கேட்டார். வேலை போகும் என்று நினைத்தேன். மேனேஜர், "ஒருத்தனும் நிக்கல, ஃபில்டர் வேணும்னு அஞ்சாறு பேரு போன் பண்ணிட்டாங்க. தூளை மட்டும் இனிமே எழுதாத," என்றார். எழுதுவேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, சனி

சுகந்தியே ஆபீஸ் வாசலுக்கு வந்தார். எல்லாரும் திடீரென்று மும்முரமாக வேலை செய்தார்கள்.

"ஃபீஸ் கட்டிட்டேனுங்க. ரொம்ப நன்றி. இப்ப வெளிய வாங்க, திட்டோணும்."

வெளியே போனேன்.

"கோர்ட்டுக்கே சொன்னீங்க. என்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"என்னக் கேக்காம எனக்காக முடிவு பண்ற ஆம்பளை ஒருத்தரோட ஏழு வருசம் இருந்தாச்சு. நல்லவரா இன்னொருத்தர் வந்தாலும் அதே வேலைய அவரும் பண்ணுனா எனக்கு அது அதேதானுங்க."

பதில் சொல்லத் தோன்றியது. கேட்காததற்குப் பதில் சொல்லாதே என்று நாலு பேர் சொன்னது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை.

"என்னங்க, பேச்சையே காணோம்?"

"நீங்க கேள்வி கேக்கலீங்க."

அவர் உதட்டைக் கடித்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, தெரியவில்லை. அளக்கக் கருவி இல்லை. "மீதிப் பணம் முழுசா வரட்டும். அதுவரைக்கும் எனக்கு வேற எதையும் யோசிக்க முடியாது," என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். பாதியில் நின்று ஒரு லாரிக்கு வழி விட்டார். அந்த லாரி ஒரு ரிக் வண்டி. கம்ப்ரஸர் நன்றாக ஓடியது.

செப்டம்பர் 20, புதன்

ஒன்றும் இல்லை. தினமும் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை.

செப்டம்பர் 26, செவ்வாய், மாலை 4.05

வந்துவிட்டது என்று வக்கீல் ஜமுனா போனில் சொன்னார். எண்பத்தோராயிரம். கடைசி நாள், கடைசி மணி. கோர்ட் வாசலுக்கு நான் போகவில்லை; போகக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு எட்டு ஃபில்டரைக் கழற்றி மாட்டினேன். அதில் ஐந்துக்குத் தேவையே இல்லை.

ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன். முதன்முறையாக.

"முழுசும் வந்துருச்சுங்க. கழண்டது ஒண்ணுகூட இல்ல."

"சரிங்க."

"ஞாயித்துக்கெழம நானும் பாப்பாவும் மலைக் கோயிலுக்குப் படியேறிப் போறோம். காலையில ஆறு மணிக்கு. வேணும்னா வாங்க."

"சரிங்க."

"வேற ஒண்ணும் கேக்கறதில்லீங்களா?"

நாலு பேர் சொன்னதை மறுபடி நினைத்தேன். "மேல போயிக் கேக்கறனுங்க. கேக்கலாமுங்களா?"

"கேளுங்க," என்றார். "பதிலு என்னன்னு எனக்கே இன்னும் தெரியாது. அதையும் சேத்தி இப்பவே சொல்லிப்போடறேன்."

போனை வைத்த பிறகு எங்கள் சர்வீஸ் ஷெட்டை இரண்டு சுற்று ஓடினேன். தெய்வசிகாமணி, "காசு போயிருச்சா, வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துருச்சு என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிறு, அக்டோபர் 1, செய்ய வேண்டியவை:

1. ஐந்தே முக்காலுக்குப் போவது. நாலரைக்கே போய் நிற்கக் கூடாது.

2. படிகளை எண்ணக் கூடாது. எண்ணினாலும் வாய்க்குள் எண்ணுவது.

3. பாப்பா தூக்கச் சொன்னால் மட்டும் தூக்குவது.

4. அக்டோபர் ஐந்தாம் தேதிப் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அது நிவிதாவின் பணம். வராவிட்டால் வக்கீல் நம்பர் சுகந்தியிடம் இருக்கிறது. நான் வேண்டுமென்றால் கூப்பிடுவார்.

5. மேலே போய், மூச்சு நிதானமான பிறகு கேட்பது. ஒரே கேள்வி. காரணம், புள்ளிவிவரம், மாதச் சம்பளம் எதுவும் சேர்க்கக் கூடாது.

6. யோசிக்க வேண்டும் என்றால், எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது.

7. முடியாது என்றால், சரிங்க என்பது. இறங்கும்போதும் பாப்பாவைத் தூக்குவது.